இனி எனக்கெதுக்குச் சோதனை?

"இவர் போய் இவ்வளவு வருசமாச்சு. இனி எனக்கெதுக்குத் தங்கச்சி உந்தச் சோதனை?"

வெல் வுமன் கிளினிக்குக்கு வரும்படி கேட்கப் போன என்னைப் படலையடியிலேயே மறித்தார் அந்த அக்கா. 2009 இல் முள்ளிவாய்க்காலில் கணவரை இழந்தவர். வயது 45. தனித்திருக்கும் பெண் அங்கே போனால் ஊர் என்ன கதைக்கும் என்ற பயமும் அவருக்கு இருந்தது.

நான் படித்தது சமூகவியல். ஊர்வாயைப் பற்றித் தெரியும்; வைரஸைப் பற்றிக் குடும்பநல உத்தியோகத்தரிடம்தான் கேட்டறிந்தேன். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஏறக்குறைய எப்போதும் எச்.பி.வி. வைரஸ் தொற்றாலேயே வருகிறது. உடலுறவால் தொற்றுவது, ஒரே கணவருடன் வாழ்ந்தவருக்கும் தொற்றும். (இதை ஒழுக்கத்துடன் முடிச்சுப் போடுவது எங்கள் பழக்கம்.) பெரும்பாலும் ஓரிரு வருடங்களில் தானாகவே நீங்கிவிடும். நீங்காமல் தங்கினால் வைரஸின் ஈ6, ஈ7 புரதங்கள், கலங்கள் கட்டுமீறிப் பெருகாமல் காக்கும் எங்கள் புரதங்களை முடக்கிவிடும். அப்போது பி16 என்ற இன்னொரு புரதம் கலத்தினுள் குவியும். சந்தேகமான இழையத்தை ஆய்வுகூடத்தில் சாயமிட்டு இதைத்தான் தேடுகிறார்கள். புற்றுநோயாக மாற 10, 20 வருடங்கள்கூடச் செல்லும்.

அக்காவின் கணக்கு அங்கேதான் பிழைத்தது. மனுசன் போனதோடு தொற்றும் போயிருக்கும் என்றில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்கள் செய்தனீங்களோ?" என்றார்.

எனக்கு 36. கடந்த வருடமே செய்திருக்க வேண்டும். வேலை, வேலை என்று தள்ளிப் போட்டிருந்தேன்.

அடுத்த கிளினிக் நாளில் இருவரும் ஒரே ஓட்டோவில் போனோம். காசு கேட்கவில்லை, சில நிமிட வேலைதான். இப்போது இருவரும் முடிவுக்காகக் காத்திருக்கிறோம்.