கூடாரம் அடித்து மீட்ட கடற்கரை

புவேர்ட்டோ ரிக்கோவின் குலேப்ரா தீவில் ஃபிளமென்கோ என்றொரு கடற்கரை. கட்டணம் கட்டினால் மரநிழலில் கூடாரம் அடித்துத் தங்கலாம். நாங்களும் தங்கினோம். வெள்ளை மணல், தெளிந்த நீர். கரையில் துருப்பிடித்த டாங்கிகள். அவற்றின்மீது சாய்ந்து பயணிகள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அமெரிக்கக் கடற்படை இத்தீவைக் குண்டுவீச்சுப் பயிற்சிக்களமாக வைத்திருந்த காலத்தின் மிச்சம் அவை.

1971-ல் இந்தக் கரையில்தான் போராட்டக்காரர்கள் ஒரு சிறு தேவாலயம் கட்டி உட்கார்ந்தார்கள். சுதந்திரக் கட்சித் தலைவர் ரூபன் பெரியோஸும் தோழர்களும் மூன்று மாதம் சிறை சென்றார்கள். 1975-ல் இங்கே குண்டுவீச்சு நின்றது. பக்கத்துத் தீவான வியேகெஸில் தொடர்ந்தது.

வியேகெஸின் கதை நமக்குப் புதிதல்ல. 1940-களில் தீவின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் கடற்படை எடுத்துக்கொண்டது. அந்த நிலத்தில் குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் கரும்புத் தோட்டக் கூலிகள். தலைமுறையாக உழைத்தும் கையில் பத்திரம் இல்லாதவர்கள். நிலத்தின் விலை தோட்ட முதலாளிகளுக்குப் போனது. குடியிருந்தவர்களுக்கு வீடே போனது.

1999 ஏப்ரல் 19 அன்று குறி தவறிய குண்டுகளுக்கு டேவிட் சானெஸ் என்ற உள்ளூர்க் காவலாளி பலியானார். மீனவர்களும் ஆசிரியர்களும் தேவாலயத்தாரும் குண்டு விழும் கரையிலேயே கூடாரம் அடித்தார்கள். ஓராண்டுக்கும் மேலாக அங்கே பயிற்சி நடத்த முடியவில்லை. 2000 மே மாதம் அவர்களை அப்புறப்படுத்தினார்கள். மீண்டும் நுழைந்தார்கள், மீண்டும் கைதானார்கள். 2003 மே 1 அன்று கடற்படை வெளியேறியது.

புவேர்ட்டோ ரிக்கோ சட்டப்படி கடற்கரை பொதுச்சொத்து. ஆனாலும் 2021-ல் ரிங்கோன் என்ற ஊரில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று கரையில் நீச்சல்குளம் கட்ட முனைந்தபோது, மக்கள் திரும்பவும் கூடாரத்தோடு வர வேண்டியிருந்தது. மகாடு குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட நகராட்சி 1924-லேயே தீர்மானம் போட்டிருந்தது. 1927-ல் அம்பேத்கரோடு மக்கள் இறங்கி நீர் அருந்தும்வரை அது வெறும் தாள்தான். பொதுச்சொத்து என்று எழுதிவைத்தால் போதாது. அங்கே போய் நிற்க வேண்டும்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடற்படை போன பிறகும் வியேகெஸ் நிலத்தின் பெரும்பகுதி மக்களிடம் திரும்பவில்லை. அமெரிக்க அரசின் வனவுயிர்ச் சரணாலயமாகிவிட்டது. வெடிக்காத குண்டுகள் இருப்பதால் சில பகுதிகளுக்குள் இன்றும் யாரும் போக முடியாது. குண்டுச்சத்தம் நின்றது வெற்றிதான், மறுக்கவில்லை. ஆனால் தோட்டக்கூலிகளின் பேரப்பிள்ளைகளுக்கு அந்த மண்ணில் இன்னும் பத்திரம் இல்லை. எந்தப் போராட்டம் வென்றதாகச் செய்தி வந்தாலும், தோழர்களே, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள்.