எஞ்சினின் நாக்கு

"நாக்கை நீட்டு" என்று சொல்லி, அதிலேயே பாதி வியாதியைக் கண்டுபிடித்துவிடுகிற எல்.எம்.பி. டாக்டர்கள் ஒரு காலத்தில் இருந்தார்கள். இப்போது ரத்தமும் படமும் பார்க்காமல் எந்த டாக்டரும் வாயைத் திறப்பதில்லை. ஆனால் கணியம்பாடியில், திருவண்ணாமலை சாலையோரத்துத் தகரக் கொட்டகை ஒன்றில், அந்தப் பழைய வைத்தியம் இன்னும் நடக்கிறது. நோயாளிகள் மோட்டார் சைக்கிள்கள். நாக்கு என்பது ஸ்பார்க் பிளக்.

என் பழைய புல்லட் சில மாதங்களாக ஏற்றத்தில் திணறியது. அளவுக்கு மீறிச் சூடேறியது. கொட்டகைக்காரரை ஊரில் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் வண்டியைத் தொடக்கூட இல்லை.

"கண்ணமங்கலம் ரோட்டுல நல்லா முறுக்கி ஓட்டுங்க சார். ஓடுறப்பவே கிளச்சைப் புடிச்சு எஞ்சினை நிறுத்திடுங்க. பையன் ஸ்பேனரோட பின்னால குந்திக்கினு வருவான். அங்கியே கழட்டிடுவான்."

மெதுவாக ஓட்டித் திரும்பினால் மெதுவாக ஓடியதன் நிறம் மேலே படிந்துவிடுமாம். முழு வேகத்தில் உள்ளே நடந்தது தெரியாமல் போய்விடும்.

பெட்ரோலும் காற்றும் பதமாகக் கலந்து எரிந்தால் பிளக்கின் பீங்கான் மூக்கு இளம் பழுப்பாக இருக்கும். பாயின் தகப்பனார் ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் இருந்தவர். ஆகவே பாய் அதை 'ஆவாரம்பட்டைத் தோல் நிறம்' என்கிறார். கரிபிடித்துக் கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஆயில் மேலே ஏறுகிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. அப்படியே விட்டால் பிஸ்டன் உருகி ஓட்டை விழவும் கூடும்.

என் பிளக் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது!

காரணத்தைச் சொன்னவன் பாயின் மகன், ஐ.டி.ஐ. படித்தவன். 2025-இல் நம் பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் வந்துவிட்டது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதும் எரிய ஏறக்குறைய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். பழைய கார்புரேட்டரின் ஜெட் துவாரம் அதே அளவில் இருக்க, காற்று மிஞ்சிப்போகிறது. புது வண்டிகளில் சைலன்ஸர் குழாயிலுள்ள ஆக்ஸிஜன் சென்ஸார் இதை உடனே மோப்பம் பிடித்துவிடும். கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும்.

"ஈயம் கலந்த பெட்ரோல் 2000-த்தோட போச்சுப்பா. இப்ப நிறம் புடிக்கவே நாளாவுது. இன்னும் பிளக்கைப் பார்த்துக்கினு இருந்தா எப்படி?" என்றான் பையன். நியாயமான கேள்விதான். பாய் பதில் சொல்லவில்லை. பூதக்கண்ணாடியை எடுத்து, பீங்கானின் அடிப்பக்கத்தில் கரி வளையம் தெரிகிறதா என்று தேட ஆரம்பித்துவிட்டார்.

அவர் பக்கம் பேசவும் விஷயம் உண்டு. 2018 நவம்பரில் அமராவதியில், கிருஷ்ணா நதியில், பார்முலா ஒன் விசைப்படகுப் பந்தயம் நடந்தது. அந்தப் படகுகளுக்கு இரண்டரை லிட்டர், ஆறு சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக் எஞ்சின். சாலை வண்டிக்கு இறக்கத்தில் ஓய்வு உண்டு. படகுக்கு இறக்கம் ஏது? தண்ணீர் ஓயாமல் இழுத்துப் பிடிக்கும். பெட்ரோல் சற்றுக் குறைந்தாலும் பிஸ்டன் போய்விடும். டூ-ஸ்ட்ரோக்கில் எரியாத புதுக்கலவையும் புகையோடு வெளியே ஓடிவிடுவதால் ஆக்ஸிஜன் சென்ஸார் சுலபமாக ஏமாந்துபோகும். போதாக்குறைக்குப் படகு எஞ்சினின் புகையோடு தண்ணீரும் கலக்கிறது. பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தாலோ, எந்த சிலிண்டர் பட்டினி கிடந்தது என்று தனித்தனியே சொல்லிவிடும். நம் கடற்கரையில் மண்ணெண்ணெயில் ஓட்டும் வெளிப்பொருத்து எஞ்சினில் பிளக் கரிபிடித்துப் போனால், நடுக்கடலில் ஸ்கேனருக்கு எங்கே போவது? மாற்றுப் பிளக்கும் ஸ்பேனரும்தான் கரை சேர்க்க வேண்டும்.

இதையெல்லாம் நான் சொன்னபோது பாய் சந்தோஷப்பட்டதாகத் தெரியவில்லை.

"கணியம்பாடியில கடல் எங்க சார் கீது?" என்றார்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற வண்டிகளில் அநேகமாக எதிலும் பழைய கார்புரேட்டர் இல்லை. அவை அவரிடம் வருவதில்லை, மகனிடம் போகின்றன. கொட்டகையிலே பாதி இடம் இப்போது மகனுடையது. தவணையில் வாங்கிய ஸ்கேனரை அவன் துணி போட்டு மூடி வைத்திருக்கிறான்.

பாய் ஒரு நம்பர் பெரிய ஜெட்டைப் போட்டார். மறுபடி ஓட்டினேன். மறுபடி கழற்றினார்கள். இந்தத் தடவை பிளக்கை வாங்கி, பூதக்கண்ணாடியில் முதலில் பார்த்தவன் மகன்.

ஜெட்டுக்கும் கூலிக்குமாகப் பாய் என்னிடம் வாங்கியது முந்நூறு ரூபாய். ஸ்கேனரை மாட்டிப் பார்க்க மட்டும் பையன் ஐந்நூறு வாங்குகிறான். கொட்டகை வாடகை அதிலிருந்துதான் போகிறதாம்.