பதினெட்டு ராத்திரிக் கதை ஞாபகம் இருக்கு... காலை மாத்திரை?

"அம்மாயி, காலைல மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன் கண்ணு."

பேத்தி மாத்திரை அட்டையை எடுத்து எண்ணிப் பார்த்தாள். போடவில்லை. முந்தின நாளும் போடவில்லை. அதற்கு முந்தின நாள் இரண்டு தடவை போட்டிருந்தார்.

காங்கேயம் பக்கம் ஒரு சின்ன ஊர். அம்மாயிக்கு வயது 78. பேத்திக்கு 24. கோவையில் அறை எடுத்துத் தங்கி டிஎன்பிஎஸ்சி குரூப் 4-க்குப் படிக்கிறாள். இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் கொஞ்ச மார்க்கில் போய்விட்டது. மூன்றாவது முறைக்கு முன்னால் ஒரு வாரம் ஊரில் இருந்துவிட்டு வரலாம் என்று வந்தவளுக்கு, அந்த மாத்திரை அட்டை பெரிய பயத்தைக் கொடுத்தது. அம்மாயிக்கு மறதி வந்துவிட்டதா?

அன்றைக்கே பொழுது சாய்ந்ததும், அதே அம்மாயி திண்ணையில் காலை நீட்டி உட்கார்ந்து, பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அண்ணன்மார் கதை சொன்னார். குன்னுடையான், தாமரை, பொன்னர், சங்கர், அருக்காணி தங்காள், சாம்புகன், கொம்பன் பன்றி என்று ஒரு பெயரும் விடவில்லை. தங்காள் கிளி கேட்ட இடத்தில் குரல் மாறியது. அண்ணன்கள் செத்துக் கிடந்த இடத்தில் அழுதே விட்டார். பள்ளிக்கூடத்துக்குப் போகாதவர். கோயில் வாசலில் உடுக்கடிக்காரர்கள் பாடக் கேட்டது, கல்யாணத்துக்கு முந்தி.

இவ்வளவு பெரிய கதை இருக்கிற தலையில், ஒரு மாத்திரை ஏன் நிற்கவில்லை?

இந்தக் கேள்விக்குக் கொங்கு மண்ணிலேயே பாதி பதில் இருக்கிறது. 2011-ல் பிரசாந்த் நடித்து 'பொன்னர் சங்கர்' என்று சினிமாவாகவும் வந்த இந்தக் கதை, பல தலைமுறைகளாக வாய்ப்பாட்டாக வந்தது. ஒருவர் உடுக்கை அடித்துப் பாடுவார், இன்னொருவர் கூடவே பின்பாட்டு. 1960-களின் நடுவில் பிரெண்டா பெக் என்ற மானுடவியல் ஆய்வாளர் காங்கேயம் பகுதியில் ஓலப்பாளையம் என்ற ஊரில் வந்து தங்கினார். 1965-ல் அங்கே 18 இரவுகள் பாடப்பட்ட அண்ணன்மார் கதையை டேப்பில் பதிவு செய்தார்.

அதோடு அவர் விடவில்லை. அதே பாடகரைத் தனியாக உட்காரவைத்து, கதையைச் சொல்லச் சொல்லி எழுதியும் வாங்கினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அவை ஒன்றாக இல்லை! கதையின் எலும்புக்கூடு அதேதான், சதை வேறு. ராத்திரி ஊர் ஜனம் முன்னால் பாடியபோது நீண்ட இடம், எழுதச் சொன்னபோது சுருங்கியிருந்தது. இதைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் 1982-ல் வெளிவந்தது.

அப்படியானால் பாடகருக்கு ஞாபகம் சரியில்லையா? இல்லை, ஞாபகம் என்பதே அப்படித்தான் வேலை செய்கிறது. அலமாரியில் வைத்த புடவையைப் போல ஒரு நினைவு மடிப்புக் கலையாமல் உள்ளே கிடப்பதில்லை. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மூளை அதைப் புதிதாகக் கட்டி எழுப்புகிறது. பாடகர் 18 ராத்திரிக்கான வரிகளை மனப்பாடம் செய்து வைத்திருக்கவில்லை. யாருக்குப் பின் யார் வருவார், எந்த இடத்தில் எந்த மெட்டு என்ற தடம்தான் அவரிடம் இருக்கிறது. அந்தத் தடத்தில் நடக்க நடக்க வார்த்தைகள் வந்து சேர்கின்றன. பலமுறை நடந்த தடம் என்பதால் அழியவும் இல்லை.

அம்மாயியும் அப்படித்தான். அறுபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு, பேரப் பிள்ளைகளுக்கு, எதிர்வீட்டுக் குழந்தைக்கு என்று சொல்லிச் சொல்லியே வைத்திருக்கிறார்.

மாத்திரை கதை வேறு. ஒரு நாள் போட்ட மாத்திரைக்கும் மறுநாள் போட்ட மாத்திரைக்கும் எந்த வித்தியாசமும் இல்லை. அதே டம்ளர், அதே தண்ணீர். நேற்றுப் போட்டதா, இன்று போட்டதா என்று பிரித்துப் பார்க்க மூளைக்குப் பிடி எதுவும் கிடைப்பதில்லை. கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற எல்லோருக்கும் இது தெரியும்.

வயதும் சேர்ந்துகொள்கிறது. புது நினைவுகள் பதிவதற்கு மூளையின் உள்ளே ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி வேண்டும். கடல்குதிரை மாதிரி வளைந்திருப்பதால் அந்தப் பெயர். அமெரிக்காவில் ஹென்றி மோலைசன் என்பவருக்கு 1953-ல், வலிப்பை நிறுத்துவதற்காக அந்தப் பகுதியின் பெரும்பங்கை அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டார்கள். சின்ன வயது நினைவுகள் அவரிடம் இருந்தன. ஆனால் அன்றைக்குக் காலையில் பேசிய மனிதரை மத்தியானம் அடையாளம் தெரியாது. 2008-ல் இறக்கும்வரை அப்படியேதான் வாழ்ந்தார். பழையது இருக்கும்போதே புதியது பதியாமல் போகலாம் என்று உலகம் தெளிவாகப் புரிந்துகொண்டது அவரால்தான்.

அதனால்தான், 'பழசெல்லாம் கடகடன்னு சொல்றாங்களே, ஞாபகத்துக்கு என்ன குறை' என்று வீட்டில் யாரும் சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது. கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது வேறு. கேட்டதையே பத்து நிமிஷத்தில் திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய தெருவில் வழி தடுமாறுவது, காசுக் கணக்கு குழம்புவது எல்லாம் டாக்டரிடம் காட்ட வேண்டியவை. வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மன அழுத்தம் போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்களாலும் மறதி வரும். வயசாயிடுச்சு என்று விட்டுவிட்டால் அது தெரியாமலே போகும். அம்மாயியையும் அழைத்துப் போனார்கள். ரத்தப் பரிசோதனையில் பி12 குறைவாக இருந்தது. ஊசி போட்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொன்னார் டாக்டர். ஞாயிறு முதல் சனி வரை ஏழு குழி உள்ள மாத்திரை டப்பாவும் வாங்கியாயிற்று.

இனி பேத்தியின் விஷயம்.

அவள் படிக்கும் விதம் நம்மில் பலருக்குப் பழக்கமானது. மஞ்சள் கலரில் கோடு போடுவாள். படிப்பாள். மறுபடி படிப்பாள். ராத்திரி இரண்டு மணி வரை படிப்பாள். பக்கத்தைப் பார்த்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். மாதிரித் தேர்வில் கேள்வியைப் பார்த்தால், 'இது படிச்சதாச்சே...' என்பது மட்டும்தான் ஞாபகம் வரும்.

2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரே பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தது, சராசரியாக 14 தடவை. இன்னொரு குழு மூன்று, நான்கு தடவை படித்துவிட்டு, பிறகு தாளை மூடி வைத்து, நினைவிருப்பதை மூன்று முறை எழுதியது. ஐந்து நிமிஷம் கழித்துக் கேட்டபோது 14 தடவை படித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து? அவர்களுக்கு 40 சதவீதம்தான் நினைவிருந்தது. மூடி வைத்து எழுதியவர்களுக்கு 61.

படிப்பது உள்ளே போடுவது. நினைவுகூர்வது வெளியே எடுப்பது. பரீட்சையில் கேட்பது இரண்டாவதை, நாம் பழகுவதோ முதலாவதை. இடைவெளியும் வேண்டும். எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, 1885-ல் கணக்கு வெளியிட்டார். ஒரு மணி நேரத்துக்குள் பாதிக்கு மேல் போய்விட்டது! மறக்கத் தொடங்கும் நேரத்தில் மறுபடி எடுத்துப் பார்த்தால், அடுத்த முறை மறதி மெதுவாக வரும். தூக்கமும் அப்படித்தான். பகலில் படித்ததை மூளை நிலைப்படுத்துவது தூக்கத்தில்தான் அதிகம். ராத்திரி இரண்டு மணிப் படிப்பு பெருமைக்கு ஆகும், மார்க்குக்கு ஆகாது. வல்லாரை பற்றியும் கேட்பீர்கள். துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், ருசியாக இருக்கும். பாடத்தை அது படித்துக் கொடுக்காது.

பேத்தி இதை எந்தப் புத்தகத்திலும் படித்து மாறவில்லை. ஊரில் இருந்த அந்த ஒரு வாரத்தில் ஒரு நாள், கதை முடிந்ததும் அம்மாயி கேட்டார்: "நீ என்னத்தைக் கண்ணு படிக்கிறே? எனக்கொருக்கா சொல்லு."

அரசியலமைப்பில் ஐந்து நீதிப்பேராணைகள். புத்தகம் உள்ளே கிடந்தது. "ஒருத்தரைப் புடிச்சுட்டுப் போயி எங்க வெச்சிருக்காங்கன்னே தெரியலைன்னா, கோர்ட்டு 'ஆளைக் கொண்டாந்து நிறுத்து'ன்னு சொல்லும் அம்மாயி. ஆட்கொணர்வுன்னு பேரு."

"ஏன் புடிச்சாங்க? ஊட்டுல சொல்லலியா? பொறவு உட்டாங்களா?"

பதில் சொல்ல ஒரு ஆளை, ஒரு ஊரை, ஒரு போலீஸ் ஸ்டேஷனை அவள் உருவாக்க வேண்டியிருந்தது. இரண்டாவதும் வந்தது. மூன்றாவதில் நின்றுவிட்டாள். உள்ளே போய்ப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்து மீதியைச் சொன்னாள். அந்த ஐந்தும் அதன் பிறகு அவளுக்கு மறக்கவில்லை.

இப்போது கோவையிலிருந்து தினமும் ராத்திரி எட்டரை மணிக்கு போன். அரை மணி நேரம், புத்தகம் மூடியிருக்க, ஒரு பாடம். அம்மாயிக்குப் பாதி புரியாது. ஆனால் கேள்வி கேட்பதை விடமாட்டார். பாடம் முடிந்தால் அவர் முறை. பேத்தி அண்ணன்மார் கதையை போனில் பதிவு செய்கிறாள். போன வாரம் தங்காள் கிளியைக் கனவில் கண்டாள். இந்த வாரம் கனவே வரவில்லை, கிளி நேராக மரத்தில் உட்கார்ந்திருந்தது. இரண்டையும் அப்படியே வைத்திருக்கிறாள்.

படுகளத்துக்கு இன்னும் வரவில்லை. அண்ணன்மார் விழுந்து கிடக்க, தங்காள் தேடி வந்து பொன்னரை எழுப்புகிற இடம் அது. மணப்பாறை பக்கம் வீரப்பூரில் மாசி மாதம் அதைத்தான் திருவிழாவாக நடத்துகிறார்கள். இந்த வருஷம் கூட்டிப் போகச் சொல்லியிருக்கிறார் அம்மாயி.

போனை வைக்கும் முன் பேத்தி கேட்டாள்: "அம்மாயி, டப்பாவைத் திறந்து பாருங்க. வியாழக்கிழமைக் குழி காலியா இருக்கா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. டப்பா திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"இருக்குது கண்ணு. போடோணும்."