வெயிலுக்கு உருகாத வெண்ணெய்



வெண்ணெய் என்றதும் சாப்பிடுவதற்கு என்று நினைத்துவிடாதீர்கள். இது உடம்பில் பூசுகிற வெண்ணெய். கடையில் 'பாடி பட்டர்' என்று அழகான டப்பாவில் விற்கிறார்களே, அதற்கு நம்ம ஊர் தங்கச்சி!

எங்கள் அம்மா தூத்துக்குடியில் உப்பளத்தில் உப்பு வாருகிறார்கள். பாத்தித் தண்ணீரில்தான் நின்று வேலை. குதிகால் முழுக்க வெடிப்பு. அதில் உப்பு இறங்கினால் எரிச்சலில் ராத்திரி தூக்கமே வராது. தேங்காய் எண்ணெய் பூசிப் பார்த்தார்கள். "ஏட்டி, பூசின கொஞ்ச நேரத்துல வழிஞ்சி ஓடிருது" என்றார்கள்.

ஓடத்தானே செய்யும்? தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். கடை பட்டரில் சேர்க்கிற கோகோ வெண்ணெய் 34 முதல் 38 டிகிரிக்குள் உருகும். நம்ம ஊர் கோடையில் நிழலிலேயே அந்தச் சூடு உண்டு! ஆனால் தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கேட்டால் கொடுப்பார்கள்.

மே மாதம் மூன்று டப்பாவில் செய்தேன். ஒவ்வொன்றிலும் 100 கிராம் தேங்காய் எண்ணெய். மெழுகு மட்டும் 10, 20, 35 கிராம். அடுப்பில் நேராக வைக்கக் கூடாது, தீப்பிடிக்கும். கொதிக்கிற தண்ணீருக்குள் கிண்ணத்தை வைத்து, பெரியவர்கள் பக்கத்தில் இருக்க, உருக்க வேண்டும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே விழக் கூடாது. விழுந்தால் நாளாக ஆகப் பூஞ்சை பிடிக்கும்.

ஆறியதும் அம்மாவின் சாப்பாட்டுப் பையில் மூன்றையும் போட்டு, மத்தியானம் மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் வைத்தேன். சாயங்காலம் பார்த்தால், 10 கிராம் கூழ் மாதிரி தளர்ந்து கிடந்தது. 35 கிராம் மெழுகுவர்த்தி மாதிரி இறுகியிருந்தது. தேய்த்தால் வெடிப்பை இழுத்து அம்மாவுக்கு வலித்தது. 20 கிராம்தான் டப்பாவில் கட்டியாக இருந்து, விரல் பட்டதும் இளகியது. அதுதான் முதல் பரிசு!

வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, துடைத்து, பிறகு பூச வேண்டும். ரத்தம் வருகிற வெடிப்பு என்றாலும், சர்க்கரை நோய் உள்ளவர்கள் என்றாலும் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

ஒரு வாரம் கழித்து, "எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன். "எரியத்தான் செய்யுது. ஆனா ராத்திரி தூங்குதேன்லா" என்றார்கள். எனக்கு அது போதவில்லை. வெண்ணெய் வெடிப்பை இளக்கும், உப்பைத் தடுத்து நிறுத்தாது. அதற்கு ரப்பர் பூட்ஸ் வேண்டும். என் உண்டியல் இப்போது அதற்குத்தான்.

உங்கள் வீட்டிலும் வெயிலில் நிற்கிற கால்கள் இருந்தால் செய்து கொடுங்கள். சந்தேகம் இருந்தா இடைவேளையில எங்க வகுப்புக்கு வாங்க!

– ஒரு மாணவி, 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு