சிக்னல் இல்லாத மலையில் ஒரு புராஜெக்ட் போர்டு!

'நாளைக்கு புராஜெக்ட் கொடுக்கணும்' என்று பிள்ளைகள் சொல்வது பெரும்பாலும் இரவு எட்டு மணிக்குத்தான். அப்புறம் சார்ட் பேப்பர் தேடி ஓட்டம். பாதியை அப்பா வரைவார், மீதியை அக்கா எழுதுவார். பிள்ளை பெயர் மட்டும் போட்டுக்கொள்ளும்.

டிஜிட்டல் டெஸ்க்கில் எங்களுக்கு தினமும் புராஜெக்ட்தான். யார் எழுதுகிறார், யார் வீடியோ, எத்தனை மணிக்குள்... எல்லாமே டிரெல்லோ மாதிரியான ஒரு போர்டில் இருக்கும். 'செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது' என மூன்று கட்டங்கள். வேலை நகர்ந்தால் அட்டையும் நகரும். டிரெல்லோ வந்தது 2011-ல். ஆனால் இந்த அட்டை முறை, அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலையில் உருவானது. பெயர் 'கான்பான்'. அறிவிப்புப் பலகை என்று அர்த்தம்.

நான் கள்ளக்குறிச்சிக்காரி. கல்வராயன் மலையில் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கும் தோழி, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தரக் கூப்பிட்டாள். அங்கே சிக்னல் ஒரு கோடு வரும், போகும். அதனால் ஆப் வேண்டாம் என்று முடிவுசெய்து சுவரில் இறங்கினோம். பழைய காலண்டரின் பின்பக்கம்தான் போர்டு. நோட்டுத் தாளைக் கிழித்தால் அட்டை.

1993 முதல் நடக்கும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டில், பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்னையைத் தாங்களே ஆய்வு செய்வார்கள். அதே பாணியில் ஐந்து பேர் கொண்ட ஒரு குழு எடுத்த கேள்வி, 'நம்ம ஊர்ல சாமை இன்னும் எத்தனை வீட்டுல விதைக்கிறாங்க?'

விதிகள் மூன்றுதான். ஓர் அட்டையில் ஒரு வேலை, ஒரு பெயர், ஒரு தேதி. 'சாமை பற்றி ஆய்வு' என்று எழுதினால் செல்லாது. 'பத்து வீட்டில் கேட்டு வருவது' என்று எழுத வேண்டும். ஒருவரிடம் ஒரே நேரத்தில் இரண்டு அட்டைக்கு மேல் கூடாது. தேதியைக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் போட வேண்டும்.

அடுத்த வாரம் நான் போனபோது ஓர் அட்டை மட்டும் நகரவே இல்லை. ஒரு மாணவியின் 'பத்து வீடு' அட்டை. ''அவ வேலையே செய்யல மிஸ்'' என்றான் ஒரு பையன். தோழி திட்டவில்லை. ''அட்டை ஏன் நிக்குதுன்னு மட்டும் சொல்லும்மா'' என்றாள்.

''அம்மா அப்பா கரும்பு வெட்டப் போயிருக்காங்க மிஸ். சாயங்காலம் தம்பிய விட்டுட்டு எங்க போறது?''

வகுப்பு அமைதியானது. பிறகு, புகார் சொன்ன பையனே எழுந்துபோய் அந்த அட்டையில் தன் பெயரை எழுதினான். அவனிடமிருந்த 'அட்டவணை போடுவது' அவளுக்குப் போனது. அதைத் தம்பியைப் பார்த்துக்கொண்டே வீட்டில் செய்யலாம்.

போர்டு இல்லாவிட்டால் அவளுக்கு 'சோம்பேறி' என்ற பெயர் நிலைத்திருக்கும். புராஜெக்ட் அவள் இல்லாமலே முடிந்திருக்கும். வகுப்பிலிருந்து ஒரு பிள்ளை மெதுவாக விலகிப்போவது இப்படித்தான் தொடங்குகிறது.

ஆப்பை எப்போது வேண்டுமானாலும் ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். 'என்னால் முடியவில்லை, மாற்றிக்கொள்ளலாமா' என்று கூச்சமில்லாமல் கேட்பதற்குத்தான் பழக்கம் வேண்டும். அடுத்த புராஜெக்ட்டுக்கு உங்கள் வீட்டுக் காலண்டரின் பின்பக்கத்தையும் கொடுத்துப் பாருங்களேன்!