பிரிக்காத பெட்டி

ஜெர்மனியில் எஸ்ஸென் என்று ஒரு ஊர். ஒரு காலத்தில் நிலக்கரிக்கும் இரும்புக்கும் பேர்போனது. இப்போது போர்டு கேம் பைத்தியங்களுக்கு அதுதான் புண்ணிய ஸ்தலம். 1983-இலிருந்து வருடா வருடம் அங்கே விளையாட்டுச் சந்தை நடக்கிறது. 2019-இல் வந்தவர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். கொரோனா வந்த 2020-இல் மட்டும் எல்லாம் இணையத்தோடு முடிந்துபோனது.

அந்த ஊரில் பொறியியல் படிக்கும் ஒரு பெண். சந்தைக்கு நுழைவுச்சீட்டு வாங்குவதற்காகவே பகுதிநேர வேலை பார்க்கும் ரகம். கிறிஸ்துமஸ் வந்தால் வீட்டில் எல்லோருக்கும் போர்டு கேம்தான் பரிசு. புத்தகம், சட்டை, சாக்லேட் எதுவும் கிடையாது. இப்படிப்பட்ட ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார் என்று நினைக்கிறீர்களா? ஜெர்மனியில் நிச்சயம் இருப்பார்.

முதல் வருடம் அப்பா அம்மாவுக்கு கட்டான் வாங்கிக் கொடுத்தாள். விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடலாம். கிளவுஸ் டாய்பர் என்பவர் பல் கட்டும் கூடத்தில் வேலை பார்த்தவர். மாலையானால் வீட்டு நிலவறையில் உட்கார்ந்து விளையாட்டு தயாரிப்பார். தயாரித்ததை மேலே கொண்டுவந்து மனைவி, பிள்ளைகளோடு ஆடிப் பார்ப்பார். அப்படிப் பிறந்தது கட்டான். 1995-இல் வெளிவந்து அதே வருடம் ஜெர்மனியின் 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருதை வாங்கியது. பத்தொன்பது அறுகோண அட்டைகளைப் பரப்பினால் ஒரு தீவு. அதில் மரம், செங்கல், ஆடு, கோதுமை, தாது. பகடை உருட்டி, பொருள் சேர்த்து, பக்கத்தில் இருப்பவரோடு பேரம் பேசி, வீடும் சாலையும் கட்ட வேண்டும். முதலில் பத்துப் புள்ளி எடுப்பவருக்கு வெற்றி. மோனோபோலி மாதிரி ஒருவர் பாதியில் திவாலாகி மூலையில் உட்கார்ந்து மற்றவர்களை வேடிக்கை பார்க்கும் கொடுமை இதில் கிடையாது. டாய்பர் 2023-இல் இறந்தபோது உலகமெங்கும் பத்திரிகைகள் அவரைப் பற்றி எழுதின.

இவ்வளவு நல்ல விளையாட்டு. ஆனால் பெட்டியின் பக்கவாட்டில் அச்சடித்திருந்த ஒன்றை அந்தப் பெண் பார்க்கவில்லை. மூன்று முதல் நான்கு பேர். அப்பாவும் அம்மாவும் இரண்டே பேர்! அண்ணன் கல்யாணமாகித் தனியே போய்விட்டான், இவள் விடுதியில். அடுத்த கிறிஸ்துமஸுக்குப் போனபோது பெட்டி அலமாரியில் இருந்தது. மேலே சுற்றிய கண்ணாடிக் காகிதம்கூடப் பிரிக்கப்படவில்லை. அம்மா அதைத் தூசி தட்டி வைத்திருந்தார், அது வேறு.

போர்டு கேம் வாங்கிக் கொடுக்கும் எவரும் ஒருமுறையாவது செய்யும் தப்பு இது. எத்தனை பேர் என்ற எண்தான் முதலில் பார்க்க வேண்டியது. அந்த எண், வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதல்ல. ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை இரவு சாப்பிட்ட பிறகு மேசையில் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்பது. இரண்டு பேர் என்றால் இரண்டு பேருக்கென்றே செய்த விளையாட்டுகள் இருக்கின்றன. உவே ரோசன்பெர்க் 2014-இல் கொண்டுவந்த பேட்ச்வொர்க் அப்படி ஒன்று. துண்டுத் துணிகளைச் சேர்த்துப் போர்வை தைப்பது, அவ்வளவுதான். காசுக்குப் பதில் பொத்தான். அரை மணியில் முடிந்துவிடும். அந்த வருடம் அதை வாங்கிக் கொடுத்தாள். அப்பா முதலில் "தையல் விளையாட்டா?" என்று முகத்தைச் சுளித்தாராம். இப்போது தோற்றால் அவருக்குத் தூக்கம் வருவதில்லை.

அண்ணன் வீட்டில் நடந்தது வேறு கதை. அவளுக்கு உயிர் அக்ரிகோலா. அதுவும் ரோசன்பெர்க் செய்ததுதான், 2007. பதினேழாம் நூற்றாண்டு விவசாயக் குடும்பம் ஒன்று உழுது, விதைத்து, ஆடு மாடு வளர்த்து, அறுவடைக்கு அறுவடை வயிற்றை நிரப்ப வேண்டும். முடியாவிட்டால் பிச்சை எடுத்ததாகக் கணக்கில் ஏறி, கடைசியில் புள்ளி குறையும். நிஜமாகவே பயமுறுத்தும் விளையாட்டு. தனக்குப் பிடித்ததையே அண்ணனுக்கும் வாங்கினாள். அண்ணன் வீட்டில் நான்கு வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு வாண்டுகள். பெட்டியில் பன்னிரண்டு வயதுக்கு மேல் என்று போட்டிருந்தது. 'பிள்ளைகள் தூங்கிய பிறகு அண்ணனும் அண்ணியும் விளையாடுவார்கள்' என்பது அவள் கணக்கு. நான்கு வயதுப் பிள்ளை தூங்கிய பிறகு அந்த வீட்டில் பெற்றவர்களும் தூங்கிவிடுகிறார்கள் என்பது நிஜம். அண்ணன் பொறுமையாக எல்லா அட்டைக் காய்களையும் பிரித்து, வகைவகையாகக் குட்டிப் பைகளில் போட்டு வைத்தான். விதிப்புத்தகத்தில் மூன்றாவது பக்கத்தைத் தாண்டவில்லை. மரத்தில் செய்த ஆடு, காட்டுப்பன்றி, மாடு மட்டும் பிழைத்துக்கொண்டன. வாண்டுகள் சோஃபாவுக்குக் கீழே அவற்றுக்குத் தொழுவம் கட்டியிருந்தன.

தனக்குப் பிடித்த ஒன்றை அடுத்தவருக்கு வாங்குவதில் ஒரு சின்ன சுயநலம் ஒளிந்திருக்கிறது. 'இவர்களும் கற்றுக்கொண்டால் எனக்கு ஆள் கிடைக்கும்' என்ற ஆசை. தப்பில்லை. ஆனால் அதைப் பரிசு என்று சொல்வது கொஞ்சம் ஓவர் :)

இன்னொன்றும் உண்டு. சட்டை கொடுத்தால் போட்டுக்கொள்ளலாம். போர்டு கேம் கொடுத்தால் கூடவே இருபது பக்க வீட்டுப்பாடமும் கொடுக்கிறோம். யாராவது உட்கார்ந்து விதிகளைப் படித்து மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். வீட்டில் அதைச் செய்ய ஆள் இல்லையென்றால், கொடுத்தவரே அன்று மாலை உட்கார்ந்து முதல் ஆட்டத்தை ஆடிக் காட்டிவிட்டு வருவதுதான் மரியாதை.

கடையில் நின்று குழம்புகிறவர்களுக்கு ஜெர்மானியர்கள் ஒரு நல்ல ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார்கள். அந்த 'ஆண்டின் சிறந்த விளையாட்டு' விருது 1979-இலிருந்து கொடுக்கப்படுகிறது. தேர்ந்தெடுப்பவர்கள் விமர்சகர்கள். பரிசுப்பணம் கிடையாது. பெட்டியின் மேல் ஒரு சிவப்புக் காய் சின்னம், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சின்னம் விழுந்தால் விற்பனை லட்சங்களில் போகும். சிவப்பு என்றால் குடும்பத்துக்கு. 2011-இலிருந்து கொஞ்சம் தேறியவர்களுக்கு என்று கருஞ்சாம்பல் நிறக் காய். குழந்தைகளுக்கு நீலக் காய். விளையாட்டைப் பற்றி எதுவுமே தெரியாத ஒரு மாமா டிசம்பர் 23-ஆம் தேதி கடைக்குள் ஓடினாலும் காயின் நிறத்தைப் பார்த்துத் தப்பித்துவிடலாம். அண்ணன் பிள்ளைகளுக்கு அவள் பிறகு வாங்கியது இந்த விருதெல்லாம் வாங்காத பழைய பழத்தோட்ட விளையாட்டு. 1986-இலிருந்து ஹாபா விற்பது. மரப் பழங்களைக் காக்கை வருவதற்குள் பறித்துவிட வேண்டும். எல்லோரும் ஒரே கட்சி, எதிரி காக்கை மட்டும். தோற்றாலும் யாரும் யாரையும் அடிப்பதில்லை.

இனி ஓமா. பாட்டியை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். தாத்தா இருந்தவரை இருவரும் தினமும் மாலையில் ரம்மிகுப் ஆடுவார்கள். 1980-இல் அந்தச் சிவப்புக் காய் விருது வாங்கியது அது. தாத்தா போன பிறகு அந்தப் பெட்டி கீழே இறங்கவேயில்லை.

ஓமாவுக்குப் பறவைகள் என்றால் பிரியம். சன்னல் ஓரம் எப்போதும் தீவனம் இருக்கும். அதனால் அவள் விங்ஸ்பேன் வாங்கினாள். எலிசபெத் ஹார்கிரேவ் செய்தது, 2019-இல் கருஞ்சாம்பல் காய் வாங்கியது. 170 பறவைச் சீட்டுகள், ஒவ்வொன்றும் ஓவியம். முக்கியமாக, ஒருவரே தனியாக ஆடவும் வழி இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான பரிசு உண்டா என்று அவளுக்கே பெருமை.

ஓமா சீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணருகே வைத்துப் பார்த்தார். பொடி எழுத்து. பறவைகள் எல்லாம் வட அமெரிக்கப் பறவைகள். அவர் சன்னலுக்கு வருகிற கருங்குருவி அதில் இல்லை. பிறகு கேட்டார்.

"இதை யாரோட விளையாடுறது?"

"தனியாவும் விளையாடலாம் ஓமா."

"தனியாத்தானே இருக்கேன். விளையாட்டும் தனியாவா?"

அவளுக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. பெட்டியில் இருந்த எண் இந்த முறை சரியாகத்தான் இருந்தது. அதனால்தான் அவ்வளவு வலித்தது.

பிறகு க்விர்க்கிள் வாங்கினாள். 2011-இல் சிவப்புக் காய் பெற்றது. கையில் கனமாக உட்காரும் 108 மரக்கட்டைகள். ஆறு நிறம், ஆறு வடிவம், படிக்க ஒரு எழுத்தும் இல்லை. நிறமோ வடிவமோ ஒத்துப்போகிற மாதிரி அடுக்கிக்கொண்டே போக வேண்டும். ரம்மிகுப் ஆடிய கைக்கு ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். கூடவே ஒரு துண்டுச்சீட்டும் வைத்துக் கொடுத்தாள். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு, மூன்று மணி.

டிராமில் நாற்பது நிமிடம். பரீட்சை சமயத்தில் இரண்டு முறை தவறியது. இரண்டு முறையும் ஓமா எதுவும் சொல்லவில்லை, நோட்டில் அந்தத் தேதிக்கு நேராக 'வரவில்லை' என்று மட்டும் எழுதி வைத்தார். அந்த நோட்டில்தான் புள்ளிக் கணக்கும். முதல் மாதம் அவர் தோற்றுக்கொண்டே இருந்தார். மஞ்சள் விளக்கில் சிவப்புக் கட்டையும் ஆரஞ்சுக் கட்டையும் ஒன்றாகத் தெரிகின்றன என்று சண்டை போட்டார். அது நிஜம்தான், அந்த விளையாட்டின் மேல் பலரும் சொல்லும் புகார். ஒரு ஞாயிறு அவள் போனபோது மேசைக்கு மேல் புதிதாக வெள்ளை விளக்கு எரிந்தது. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு மாட்டவைத்தாராம். அன்றிலிருந்து ஓமா பதினொன்று, பேத்தி ஏழு.

விங்ஸ்பேன் பெட்டியை அவள் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. அதில் ஒரு சீட்டு மட்டும் இப்போது அந்த நோட்டுக்குள் பக்க அடையாளமாக இருக்கிறது.