அடுத்த இதழ் வரையில்

வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவருக்கு வரும் கடிதங்களில், புகழ்ச்சிக்கு நன்றி தெரிவித்துவிடலாம். பிழை சுட்டியவற்றைப் புத்தகமாகும்போது திருத்திக்கொள்ளலாம். ஆனால் கதையில் வரும் நந்தினியைப் பெற்ற தகப்பன் யார் என்பதை மட்டுமாவது முன்கூட்டிச் சொல்லக் கூடாதா என்று ஒருவர் கார்டு போட்டுக் கேட்டால் அதற்கு என்ன எழுதுவது? விடையைச் சொன்னால், இன்னும் எழுதப்படாத அத்தியாயம் பிறக்குமுன்பே உயிர் விட்டுவிடும். சொல்லாவிட்டால், அன்பினாலன்றி வேறெதனாலும் கேட்டிராத ஒருவர் மனம் வாடும். 1950 அக்டோபர் முதல் 1954 மே வரையில், பொன்னியின் செல்வன் என்ற சோழர் கதையை வாரம் தவறாமல் எழுதி வந்த கல்கி இந்தத் தர்மசங்கடத்தோடுதான் குடித்தனம் நடத்தியிருக்க வேண்டும்.

கேட்டவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதை நான் ஓரளவு அறிவேன். பம்பாய் மாதுங்காவில் இருந்த என் அத்தை, சென்னையிலிருந்து ரயிலேறி வந்து சேரும் இதழ்களிலிருந்து தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து, ஓவியர் மணியத்தின் சித்திரங்கள் கசங்காதபடி அடுக்கி வைத்து, ஒவ்வொரு பாகம் முடிந்ததும் காலிகோ போட்டு பைண்டு செய்து வைத்திருந்தாள். அந்தத் தொகுதிகள் இப்போது தாணேயில் என் அலமாரியில் இருக்கின்றன. 'தொடரும்' என்று அச்சிட்டிருக்கும் இடங்களிலெல்லாம், அதன் கீழே உள்ள வெற்றிடத்தில், அத்தை பென்சிலால் ஒரு கேள்வி எழுதி வைத்திருக்கிறாள். ஊமைராணிக்கு நந்தினி என்ன உறவு, மதுராந்தகனுக்கு உண்மை தெரியுமா, ஆழ்வார்க்கடியான் யாருடைய ஆள் என்று மணி மணியான எழுத்தில் அவை நீள்கின்றன. பல மாதங்களுக்குப் பிறகு கதையிலேயே விடை வந்ததும், பழைய பக்கத்துக்குத் திரும்பிப் போய், கேள்விக்குப் பக்கத்தில் விடை கிடைத்த அத்தியாயத்தின் எண்ணைக் குறித்திருக்கிறாள். நந்தினியின் தகப்பனைப் பற்றிய கேள்விக்கு எதிரே ஒரு பெயர் எழுதி, அடித்து, வேறொன்று எழுதி, அதையும் அடித்து, மீண்டும் முதற்பெயரையே எழுதியிருப்பதைப் பார்க்கும்போது, ஓர் ஆசிரியர் வாய் திறவாமல் இருந்ததனால் ஒரு வாசகிக்கு எத்தனை வருஷ காலத்துச் சம்பத்து கிடைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும். கல்கி ஒரு கார்டில் பதில் எழுதிப் போட்டிருந்தால் அந்த அடித்தல் திருத்தல்களுக்கெல்லாம் இடமேது?

இதே ஆவல் ராஜ்யம் ஆள்பவர்களிடமும் உண்டு என்று நினைத்திருந்த சார்லஸ் டிக்கன்ஸ் ஒரு விஷயத்தில் ஏமாந்துபோனார். 1870 மார்ச்சில் விக்டோரியா மகாராணியை அவர் சந்தித்த சமயம், 'எட்வின் ட்ரூடின் மர்மம்' என்ற தொடர்கதையின் முதற்பகுதி வெளிவர இருந்தது. தம் பிரஜைகளைவிடச் சற்று முன்னதாகவே கதையின் போக்கை அறிய மகாராணி விரும்பினால் சொல்லத் தயார் என்று டிக்கன்ஸ் தெரிவித்தார். மகாராணி அதை ஏற்றுக்கொள்ளவில்லை. பன்னிரண்டு மாதப் பகுதிகளாகத் திட்டமிட்ட அக்கதையில் ஆறை மட்டும் எழுதிவிட்டு, அவ்வாண்டு ஜூன் 9-ஆம் தேதி அவர் காலமானார். மகாராணி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் உலகம் ஒரு மர்மத்தை இழந்திருக்கும். ஆனால் சித்திரம் வரைந்த லூக் ஃபில்ட்ஸ் விட்டுவைக்கவில்லை. ஜாஸ்பர் என்ற பாத்திரத்தின் கழுத்தில் இரண்டு சுற்று வரும்படி நீளமான கழுத்துப்பட்டை இருக்க வேண்டுமென்று எழுத்தில் கண்ட அவர், முன்பு தாம் சிறியதாக வரைந்திருந்ததை நினைத்து, காரணம் என்னவென்று நேரில் கேட்டுவிட்டார். ரகசியத்தைக் காப்பாற்ற முடியுமா என்று கேட்டுக்கொண்டு, ட்ரூடின் கழுத்தை நெரிப்பதற்கு அதுதான் கருவி என்று டிக்கன்ஸ் சொல்ல வேண்டியதாயிற்று. படம் போடுகிறவரிடம் மறைப்பது எந்த ஆசிரியருக்கும் சாத்தியமில்லை. தூரிகை முன்பின் அறியாமல் நடந்தால் கதையே காட்டிக்கொடுக்கப்பட்டுவிடும்.

கேள்விக்குப் பதில் கதையாகவே வரவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். அதற்குக் கல்கியே சாட்சி. 1941-ல் அவர் தொடங்கிய 'பார்த்திபன் கனவி'ல் ஒற்றைக் கையுடன் ஒரு கபால பைரவர் வருகிறார். அவர் சாளுக்கிய மன்னன் புலிகேசியின் சகோதரன் என்று கதை முடிவதற்குள் தெரிகிறது. ஆனால் அந்தக் கையை எங்கே, யாரிடம் இழந்தார், அத்தனை குரோதம் அவர் நெஞ்சில் எப்படி வேரூன்றியது என்பதையெல்லாம் வாசகர்கள் முழுமையாக உணர்ந்தது, 1944 முதல் 1946 வரை வெளிவந்த 'சிவகாமியின் சபத'த்தில் அதே மனிதரை நாகநந்தி என்ற பிக்ஷுவாகச் சந்தித்த பிறகுதான். பின்னால் நடந்த கதையை முன்னாலும், முன்னால் நடந்ததைப் பின்னாலும் எழுதி, ஒரு கையின் கேள்விக்கு நான்கு பாகங்களில் விடை கொடுத்திருக்கிறார் என்று எண்ணும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

பொன்னியின் செல்வன் முடிந்தபோது நிலைமை வேறாயிருந்தது. திடுதிப்பென்று முடித்துவிட்டதாக வாசகர்கள் முறையிட்டார்கள். குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் கல்யாணம் ஆயிற்றா, நந்தினி என்ன ஆனாள் என்று வரிசையாகக் கேட்டார்கள். கல்கி முடிவுரை ஒன்று எழுதி, அக்கேள்விகளுக்கு மிகுந்த பரிவோடு சுருக்கமாகப் பதில் சொன்னார். கல்யாணத்தைப் பொறுத்தவரை தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டே குந்தவையாரை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியாகக் குறிப்பிடுகிறது. அங்கே கதாசிரியருக்குச் சிரமமில்லை. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்ற இடத்திலோ, உடையார்குடிக் கல்வெட்டில் ரவிதாஸன் முதலானோர் பெயர்கள் துரோகிகளாகப் பொறிக்கப்பட்டிருந்தும், கொலை நடந்த கடம்பூர் மாளிகையின் இருட்டை அவர் கடைசிவரை முற்றிலும் விலக்கவில்லை. இதில் அவர் செய்தது மிகச் சரி. கொன்றது தாமே என்று பெரிய பழுவேட்டரையர் தம் வாயால் சொன்னது உண்மைதானா என்று அத்தை எழுதிய கேள்விக்கு எதிரே எந்த எண்ணும் இல்லை. அந்தப் பக்கத்தைத்தான் நான் அடிக்கடி பிரித்துப் பார்க்கிறேன். கல்யாணம் முதலிய விஷயங்களை நாலு வரியில் தெரிந்துகொண்டவர்களுக்குத் திருப்தி ஏற்பட்டிருக்கும். எனக்கு மட்டும், அவை ஒரு நாவலாக வந்திருக்க வேண்டியவை என்ற ஏக்கம் தீரவில்லை. அதே 1954 டிசம்பர் 5-ஆம் தேதி கல்கி மறைந்தார். அவர் பாதியில் விட்டுச்சென்ற 'அமரதாரா'வை அவருடைய குறிப்புகளைக் கொண்டு புதல்வி ஆனந்தி முடித்தார்.

சோழர் கதையையும் பின்வந்தவர்கள் தொடர்ந்தார்கள். விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி' எழுதினார். இன்னும் ஒருவர் எழுத முன்வந்தால், தாணேவாசியாகிய நான் ஒரு திசையைக் காட்ட ஆசைப்படுகிறேன். ஸ்தானகம் என்ற பெயரில் இந்த ஊர் அக்காலத்தில் சிலாஹாரர்களின் ராஜதானியாக இருந்தது. தக்கோலத்தில் 949-ல் சோழ இளவரசர் ராஜாதித்தரை மாய்த்த ராஷ்டிரகூடர்களுக்குச் சிலாஹாரர்கள் அடங்கியிருந்தவர்கள். ராஜராஜன் தஞ்சையில் சிம்மாசனத்தில் வீற்றிருந்த 997-ஆம் ஆண்டில், இங்கே பிவண்டிக்கருகே கிடைத்த செப்பேட்டில் அபராஜிதன் என்ற சிலாஹார மன்னன் அந்த ராஷ்டிரகூடப் பேரரசு அழிந்துபோனதைக் குறித்து வருந்தியிருக்கிறான். எதிரியின் வீட்டில் நடந்த இந்தத் துக்கத்தைச் சோழநாட்டுக் கதைகள் எட்டிப் பார்த்ததாக நான் படித்ததில்லை. எழுதத் துணிகிறவருக்கு முதல் வாரத்திலேயே கடிதம் போட்டு முடிவைக் கேட்க மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன். கொங்கணக் கரையின் மாலுமி ஒருவனாவது கோடிக்கரைப் பூங்குழலியின் படகை எதிர்ப்பட வேண்டும் என்ற கோரிக்கையை மட்டும் இப்போதே சமர்ப்பித்துவிடுகிறேன்.